மேலட்டையும் கவிதை அடியும்

(மாரண்டஹள்ளியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் வரைகலை வடிவமைப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நம்மில் பலர் கைப்பொருளைச் செலவிட்டுத் தொகுப்பு வெளியிடுகிறோம். கைப்பிரதியை அச்சுக்குத் தந்த அந்தக் கணமே நாமும் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறோம்.

அழகு செய்வது வேறு, வடிவமைப்பது வேறு. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வரைந்தவர் தமிழரான உதயகுமார். தேவநாகரி 'ர' எழுத்தையும் உரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரு இணைகோடுகள் அமைத்தார். அரசு வேண்டியது நாட்டின் அடையாளம்; கடைக்காரருக்கு வேண்டியது விரைந்து எழுதத்தக்க குறி. இரண்டும் அதில் நிறைவேறின. வடிவமைப்பாளர் பணி தந்தவருக்கு மட்டுமன்று, பயன்கொள்வோருக்கும் கடமைப்பட்டவர் என்பதற்கு இதுவே சான்று.

நம் இலக்கிய உலகில் ஓவியர் ஆதிமூலம் (1938–2008) அப்படிப்பட்டவர். நூல்களுக்கும் இதழ்களுக்கும் அவர் கையால் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளில் அச்செழுத்தின் ஒரே சீரான தடிப்பு இல்லை. கையின் அழுத்தமும் தளர்வும் தெரியும். எழுத்து ஓவியமாயிற்று, எழுத்தாகவும் நின்றது.

மேலட்டையோடு வடிவமைப்பு முடிந்துவிடுவதில்லை. டெம்மி அளவுக்கென எழுதிய நீண்ட அடியைக் கிரவுன் தாளில் அச்சிட்டால், அது இடையில் மடங்கிக் கீழே இறங்கும். கவிஞர் மூச்சு நிறுத்தாத இடத்தில் வாசகர் நிறுத்துவார். இது அச்சுப்பிழை அன்று. ஆயினும் கவிதை பிழைபடும். அத்தகைய இடத்தில் எழுத்தின் அளவைக் குறைப்பதா, தாளின் அகலத்தைக் கூட்டுவதா என்று கவிஞரைக் கேட்பவரே நல்ல வடிவமைப்பாளர். கேளாமல் அடியை வெட்டுபவரும், கேட்டதற்கெல்லாம் தலையசைப்பவரும் நமக்கு உதவார். வெளிர்மஞ்சள் அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், "முதியவர்கள் படிக்க இயலாது" என்று மறுக்கும் துணிவு அவருக்கு வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. தலைப்பை மட்டும் சொல்லி அட்டை கேட்பது முறையன்று. கவிதைகளைப் படிக்கத் தர வேண்டும். எவருக்காக இந்நூல், எவ்வளவு செலவிட இயலும் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். நிறத்தையும் படத்தையும் நாமே தீர்மானித்துவிட்டு அவரைக் கை மட்டுமாக ஆக்கலாகாது.

சொல்லைத் தேர்ந்து தேர்ந்து வைப்பவர்கள் நாம். அச்சொல் தாளில் நிற்கும் இடத்தையும் அதே அக்கறையோடு காப்போம்.