இசைக் கருவூலமும் மென்பொருள் தேர்வும்

இசையில் ஈடுபாடு கொண்ட தமிழ் இல்லங்கள் பலவற்றில் அலமாரியின் ஒரு தட்டு கேசட் எனப்படும் ஒலிநாடாக்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். சபாக் கச்சேரி, வானொலியிலிருந்து பதிந்த பாட்டு, திருமணத்தில் முழங்கிய நாகசுரம், பாட்டியார் பாடிய தாலாட்டு என அவற்றுள் பலவும் உண்டு. கடையில் வாங்கிய இசைத்தட்டு வேறொருவர் வீட்டிலும் கிடைக்கக்கூடும். வீட்டில் பதிந்த நாடாவோ உலகில் ஒன்றே ஒன்று. அதன் காந்தப் பூச்சை வெப்பமும் ஈரமும் கெடுக்கின்றன, பூஞ்சையும் படர்கிறது. அதனை ஒலிக்கச் செய்யும் கருவியும், அக்கருவியைப் பழுது பார்ப்போரும் அருகி வருகின்றனர். ஆகவே, அனைத்தையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. உடனே எழும் வினா, எந்த மென்பொருளைக் கொண்டு ஏற்றுவது என்பதாகும்.

இவ்வினாவுக்கு விடையாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதாது. ஓர் அளவுகோல் வேண்டும். நாடாவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் வாங்கித் தருதல் முதலாவது. நாளை அம்மென்பொருளே மறைந்துபோனாலும் பாட்டு திறக்கும் நிலையில் இருத்தல் இரண்டாவது. இவ்விரண்டும் உடையதே தேர்வுக்குரியது. பிற வசதிகள் எல்லாம் அதன் பின்னரே.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். திருத்தம் அச்சுப்படியில் நிகழ்ந்தது. ஏடுகள் ஏடுகளாகவே நின்றன. ஒலிப்பதிவுக்கும் இம்முறை பொருந்தும். நாடாவிலிருந்து எடுக்கும் முதற்படி மூல ஏட்டுக்கு நிகரானது. அதில் எத்திருத்தமும் கூடாது. திருத்தம் யாவும் அதன் நகலில் மட்டுமே.

பதிவுக்குரிய மென்பொருள்களுள் ஆடாசிட்டி பலரும் அறிந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது. இதனையோ வேறொன்றையோ தேர்ந்தெடுப்போர் பதிவின் அளவை முதலில் நோக்க வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு, நொடிக்கு 48,000 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் குறிப்பதாகும். இவ்வளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடம் கொள்ளும். 60 நிமிட நாடாக்கள் 200 இருப்பினும் ஏறத்தாழ 200 ஜிகாபைட்டே ஆகும்; இன்று கடைகளில் விற்கும் 1 டெராபைட் வட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. எனவே இடத்தைச் சிக்கனம் செய்ய வேண்டிய தேவையில்லை. செலவாவது மனிதரின் நேரமே. நாடா ஓடும் நேரம் முழுவதும் பதிவும் ஓடியாக வேண்டும். நாளொன்றுக்கு 2 மணி நேரம் உழைத்தால் அந்த 200 நாடாக்களுக்கு 100 நாட்கள் ஆகும். அவ்வுழைப்பை இருமுறை செய்ய எவராலும் இயலாது. நலிந்த நாடா இரண்டாம் முறை ஓடும் என்பதற்கும் உறுதியில்லை.

ஒலியளவைத் தானே ஏற்றியிறக்கும் வசதி கணினியில் இருப்பின் அதனை நிறுத்திவிட வேண்டும். பாடகர் குரலைத் தாழ்த்தும் இடத்தில் அது ஒலியை உயர்த்திவிடும். பாட்டின் ஏற்றத்தாழ்வு மறையும். ஒலிமானி உச்சவரம்பைத் தொடாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சத்தில் நறுக்குண்ட ஒலியைப் பின்னர் முழுமையாக மீட்க முடியாது.

இரைச்சல் நீக்கும் வசதியே பலரையும் மயக்குவது. பாட்டு இல்லாத ஓரிடத்தில் இரைச்சலின் மாதிரியை எடுத்து, அதனைப் பதிவு முழுவதிலிருந்தும் கழிப்பதே அதன் வழக்கமான இயக்கம். கச்சேரிப் பதிவிலோ தம்புரா ஒலிக்காத கணம் கிடைப்பது அரிது. எடுக்கும் மாதிரியில் தம்புராவும் கலந்துவிடுவதால், இடைவிடாது ஒலிக்கும் சுருதியையும் இரைச்சலென்றே மென்பொருள் கருதும். நாடாவின் சீற்றொலி குறையும். கூடவே சுருதியும் தேயும். இசைத்தட்டின் கீறல் ஓசையை அகற்றும் கருவியும் இத்தகையதே. திடீரென எழும் கூரிய ஒலியைத் தேடுவது அதன் வேலை. மிருதங்கத்தின் சாப்பும் கஞ்சிராவின் அடியும் அவ்வாறே எழுபவை. பாட்டுகளைத் தானே பிரிக்கும் வசதி அமைதியைத் தேடிப் பிரிக்கிறது. தம்புரா ஓயாத கச்சேரியில் அது தடுமாறும். ஆலாபனையின் நடுவிலும் வெட்டக்கூடும். இக்கருவிகள் தீயவை அல்ல. அவை நகலில் கையாளத் தக்கவை. கேட்டுப் பார்த்து, வேண்டாவிடில் விட்டுவிடத் தக்கவை.

வேகத்தையும் சோதித்தல் நன்று. நாடாக் கருவி 6 விழுக்காடு விரைந்து ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை உயர்ந்துவிடும். பாடகரின் சுருதியை அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்து கேட்டால் இப்பிழை உடனே வெளிப்படும். இதற்கு ஈடான மென்பொருள் இல்லை.

சேமிக்கும் வடிவத்திலும் கவனம் வேண்டும். ஆடாசிட்டி தன் பணிக்கோப்பைத் தனக்கேயுரிய வடிவில் சேமிக்கிறது. அதனோடு நிறுத்திவிட்டால் பாட்டு அந்த ஒரு மென்பொருளுக்குள் அடைபட்டுவிடும். பொது வடிவத்திற்கு மாற்றி வைத்தலே முறை. 2001இல் வெளிவந்த ஃபிளாக் ஒலியில் எதனையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குவது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தக்கது. கோப்பு பின்னாளில் பழுதுற்றதா என்று சோதிக்கும் குறியெண்ணும் அதனுள் அடங்கியுள்ளது. எம்பி3 வடிவம் ஒலியின் ஒரு பகுதியைக் கைவிட்டே சிறிதாகிறது. கைபேசியில் கேட்பதற்கும் உறவினர்க்கு அனுப்புவதற்கும் அது போதும். கருவூலத்தில் வைப்பதற்கு ஆகாது.

குறுந்தகடுகளுக்கு வழி வேறு. அவற்றில் உள்ளவை ஏற்கெனவே எண்களே. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள், ஐயமுள்ள இடத்தை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டு எடுக்கிறது.

இறுதியாக, பெயரிடுதல். பெயரில்லாத கோப்பு முகவரியில்லாத கடிதம் போன்றது. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு போன்றவை இணையத் தரவிலிருந்து விவரங்களை நிரப்பித் தரும். வீட்டுப் பதிவைப் பற்றி அத்தரவில் ஒன்றும் இராது. பாடியவர், பக்கவாத்தியம், இராகம், தாளம், இயற்றியவர், இடம், நாள் ஆகியவற்றை மனிதரே எழுத வேண்டும். ஃபிளாக் கோப்பில் இவை யூனிகோடு தமிழில் அமையும். இராகம், தாளம் எனத் தனிப் புலங்களையும் வகுத்துக்கொள்ளலாம். நாடா உறையின் மேலுள்ள கையெழுத்தையும் படமெடுத்து உடன் வைத்தல் வேண்டும். இக்குரல் இன்னாருடையது என்று சொல்லக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். நாடா அழியாது நின்றாலும் அவ்வறிவு அவர்களோடு போய்விடும்.

தொடங்குவோர் மதிப்புக் குறைந்த ஒரு நாடாவில் பத்து நிமிடம் பதிந்து, பொது வடிவில் சேமித்து, வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து கேட்க வேண்டும். தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா, தம்புரா தெளிவாக ஒலிக்கிறதா என்று நோக்க வேண்டும். இச்சோதனையில் தேறிய மென்பொருளே போதுமானது. அதன்பின் கடையில் வாங்கியவற்றை ஒதுக்கி வைத்து, வீட்டில் பதிந்தவற்றை முதலில் எடுக்க வேண்டும். முடிந்த கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் வாழும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.