ஒரு ஜன்னல் போதும்



2006இல் நோக்கியா ஆலை வந்ததிலிருந்து கைபேசி செய்யும் ஊர் என்று நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பெயர். ஒரகடம் பக்கம் போனால் கார், லாரி, மோட்டார் சைக்கிள். இத்தனையும் செய்கிற ஊரில் பிரஸ் மெஷினில் கை போனவர்கள், நின்றே முதுகு போனவர்கள், டயாலிசிஸுக்குப் போய் வருபவர்கள் எங்கே? மாத்தூரிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வாடகை அறைக்குள் இருக்கிறார்கள். வேலையில் கை போனால் இ.எஸ்.ஐ. பணம் தருகிறது, அது உரிமை. ஆனால் அறைக்குள் கழியும் அந்த நீண்ட பகலுக்கு யார் பொறுப்பு?

நாம்தான் என்கிறேன். வீட்டுக்குள்ளேயே படமெடுக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

கை போனவரால் முடியுமா? யோசெஃப் சூடெக் என்ற செக் நாட்டுக்காரர் புத்தக பைண்டிங் தொழிலாளி. முதல் உலகப் போரில் வலது கை போயிற்று, பைண்டிங்கும் போயிற்று. அரசு கொடுத்த ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு பிராக் நகரில் புகைப்படம் படித்தார். நாஜிப் படை ஊரைப் பிடித்திருந்த 1940இல் தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். 1954 வரை அதே ஜன்னல்! கண்ணாடியில் வழியும் நீர், வெளியே ஒரு கோணல் மரம், விளிம்பில் ஒரு தம்ளர். ஒற்றைக் கையால் எடுத்த அந்தப் படங்களை இன்றும் உலகம் பார்க்கிறது.

நம் நாட்டில், மும்பையில் பார்த்தோ பௌமிக் என்பவர் 2006 முதல் பார்வையற்றவர்களுக்கே கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார். தொட்டும் கேட்டும் எடுக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

செலவும் இல்லை. டியூப்லைட்டை அணைக்க வேண்டும்; இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். எவர்சில்வர் சொம்பை ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டான பாதி எழுந்து வரும். சொம்பை ஓரடி உள்ளே தள்ளினால் வேறு படம். கை நடுங்குகிறவர் ஃபோனைப் புத்தகத்தில் சாய்த்து டைமர் வைக்கட்டும். படுத்திருப்பவருக்குக் கூரையும் கொசுவலையும் இருக்கின்றன. அவர் கண் மட்டத்தில் நாம் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை. நோயாளியைப் படமெடுக்க ஆள் உண்டு. நோயாளி எடுத்த படத்தைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

தொழிற்சங்கத் தோழர்களே, சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை ஓர் அறை கொடுங்கள். தரைத்தளத்தில் கொடுங்கள், படியேற முடியாதவர்கள் வருவார்கள். கேமரா ஓடுகிற பழைய ஃபோன் இருந்தால் கொண்டுவாருங்கள். அறைக்கும் வர முடியாதவர்களின் பெயரை இன்றே எழுதிக்கொடுங்கள், அவர்கள் வீட்டுக்கு நாம் போவோம்.