கோர்வைக்கு ஒரு கை

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளைப் பட்டியல் போட்டால், வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி அதில் கட்டாயம் இருக்கும். மதகைத் திறந்தால் கீழே உள்ள வயல்களுக்கெல்லாம் தண்ணீர் போகும். கரைக்கு மண் சுமந்தவர் வயல், சுமக்காதவர் வயல் என்று வாய்க்கால் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஏரி வெட்டும் வேலையைத் தனியாள் தலையில் போட்டுக்கொள்வது அரிதாக இருந்தது. பெரும்பாலும் அரசனும் ஊரும் செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு. பணம் கட்டாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பும் பள்ளிகளும் உண்டு. கடையில் வைத்து விற்கக்கூடிய ஒரு சரக்கை அரசு ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பாடம் சொன்ன பொருளியலாளர் ரிச்சர்ட் மஸ்கிரேவ் 1950களில் இதற்கு ஒரு விடை வைத்தார். சில பண்டங்களின் அருமை, வாங்குபவருக்கு முழுதாகத் தெரிவதில்லை. சந்தையின் போக்கில் விட்டால் அவை தேவையைவிடக் குறைவாகவே வாங்கப்படும். ஆகவே அரசு குறுக்கிட்டு, அவற்றை மக்கள் கூடுதலாகப் பெறும்படி செய்யலாம். இவற்றைத் தகுதிப் பண்டங்கள் என்றார். அவர் சொன்ன உதாரணங்களில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் ஒன்று. இலவசக் கல்வியும் ஒன்று. கல்வியின் பலன் படித்தவரோடு நிற்பதில்லை என்பது இன்னொரு காரணம். படித்த தாயின் குழந்தைக்குத் தடுப்பூசி தவறாமல் போடப்படுகிறது. அந்த நன்மைக்கு எந்தப் பள்ளியும் ரசீது போடுவதில்லை.

ஆனால் காஞ்சிப் பட்டு நெய்த வீடுகளில் கல்விக்கு எதிராக நின்றது கட்டணம் அல்ல.

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்து, இரண்டையும் தறியிலேயே பிணைப்பதைக் கோர்வை என்பார்கள். இழுத்தாலும் பிரியாத அந்தப் பிணைப்புதான் காஞ்சிபுரத்தின் பெருமை. அதற்கு, ஊடை இழையைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று வேண்டும். நெசவாளி ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல காலம் அந்தக் கை ஒரு சிறுவனுடையதாக, சிறுமியுடையதாக இருந்தது. பள்ளியில் கட்டணமே இல்லை என்றாலும், பிள்ளை அங்கே போனால் இங்கே தறி நிற்கும். பெற்றோர் கல்விக்குக் கொடுத்த உண்மையான விலை அந்தத் தறி நிற்கும் நேரம்தான். முன்பணம் வாங்கிய வீட்டில் அந்த விலை இன்னும் ஏறும். கடன் அடையும்வரை பிள்ளையின் கை அடகு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்கும் இடம் இருந்தது.

சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறுவரை ஈடுபடுத்தக் கூடாத வேலைகளில் நெசவையும் சேர்த்தது. கூடவே, குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. முன்கூடத்தில் குழித்தறி இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா?

அரசு தலையிடுகிறது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. எது தகுதி என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அரை நாள் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில். இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அதன் கணக்கு. கஜானாவுக்கு இனித்த கணக்குதான். நெசவாளி பிள்ளைக்கோ அது தறியை விட்டு எழ முடியாதபடி அரசே எழுதிக்கொடுத்த சீட்டு. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு வந்தது மறுதிசைக் கணக்கு. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இந்தப் பக்கத்துக்காரர், நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் பரவியபோது அதன் நிர்வாகச் சுமை அவர் தோளில். செலவில் ஒரு பங்கை ஊர்மக்கள் ஏற்றார்கள், பெரும்பங்கை அரசு கொடுத்தது. பசியாற்றுவது அறம் என்று பேசுவது எளிது. பொருளியல் கண்ணுக்கு அது பிள்ளையின் நேரத்துக்கு வீட்டுக்குக் கொடுத்த ஈடும்கூட. கரை தள்ளும் பிள்ளையால் வீட்டுக்கு வந்த காசில் ஒரு வேளைச் சோறாவது இப்படித் திரும்பி வந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15இல் காலை உணவும் சேர்ந்தது. அது அண்ணாவின் பிறந்தநாள். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்து, பிறகு பொருளியலில் பட்டம் பெற்றவர் அண்ணா. நாள் குறித்தவர்கள் இதையெல்லாம் நினைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் நன்றாகவே அமைந்தது.

அதே செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். இங்கே ஈடு சோறாக வரவில்லை, காசாகவே வருகிறது.

படித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் போகிறார்கள். அப்படியானால் கரை நாடாவைத் தள்ளுவது யார்? பெரும்பாலும் நெசவாளியின் மனைவி. கூலி பேசப்படுவது சேலைக்கு; உதவும் கைக்கென்று தனிக்கூலி பல வீடுகளில் இல்லை. ஆள் கிடைக்காத இடத்தில் கோர்வையை விட்டுவிட்டு ஒற்றை ஆளே நெய்யக்கூடிய சேலைக்கு மாறுகிறார்கள். கடையில் இரண்டு சேலையையும் அருகருகே விரித்தால் வாங்குபவர் கண் முதலில் விலைச்சீட்டுக்குப் போகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது. தறியில் காலியான இடத்துக்குக் கூலிக்கு ஆள் வைக்கும் செலவை, சேலை கட்டுபவர்கள் விலையில் ஏற்கத் தயாராக இருந்தால், அந்த மனைவிக்கும் கூலி என்று ஒன்று எழுதப்படும்.