மழமழப்புக்கும் எரிச்சலுக்கும் நடுவே

பாதுகாப்பு ரேசர் என்று வழங்கப்படும் கருவி, தாள்போல் மெல்லிய பிளேடு ஒன்றை மேல்மூடிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, அதன் விளிம்பில் மிகச் சிறிய பகுதி மட்டும் முகத்தைத் தொடும்படி அமைக்கப்பட்டதாகும். அக்கருவியால் செய்யப்படும் சவரத்தை இரண்டு வகையில் மதிப்பிடலாம். முடி முளைத்த போக்குக்கு எதிராகக் கன்னத்தில் விரலை ஓட்டும்போது சொரசொரப்புத் தட்டாதிருப்பது ஒன்று. அன்று மாலையிலும் மறுநாளும் எரிச்சலோ சிவப்போ சிறு கொப்புளமோ இன்றித் தோல் சுகமாக இருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவது சரியன்று. ஓர் எல்லை வரையில், முடி நன்றாக ஊறியிருந்து, பிளேடு கூர்மையாக இருந்து, கை அழுத்தாமல் இருந்தால், மழமழப்பும் சுகமும் சேர்ந்தே கூடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான், கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு மழமழப்புக்கும் தோல் விலை கொடுக்கிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை அறிவதே இக்கலையின் சாரம்.

தோலைக் காக்கும் தடுப்பு ஒன்றைக் கத்தியோடு சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் பழையது. பாரிஸ் நகரின் கத்தி வினைஞரான ழான் ழாக் பெரே, தச்சரின் இழைப்புளியில் உளிவாய் சிறிதளவே வெளியே நீண்டிருப்பதைக் கண்டு, சவரக் கத்தியின் அலகுக்கு மரத்தாலான உறை ஒன்றைப் பொருத்தியதோடு, ஒருவர் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூலொன்றையும் 1769இல் எழுதினார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் தடுப்புள்ள ரேசருக்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அதன் தடித்த அலகைப் பயன்படுத்துவோரே தீட்ட வேண்டியிருந்தது. தீட்ட வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய தகட்டுப் பிளேடை எண்ணியவர் கிங் கேம்ப் ஜில்லெட். அத்தனை மெல்லிய எஃகைக் கடினப்படுத்திக் கூராக்கும் இயந்திரங்களை ஆக்கித் தந்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். 1904 நவம்பரில் ஜில்லெட்டுக்குக் கிடைத்த காப்புரிமையின் நுட்பம், பிளேடின் மென்மையைக் குறையாகக் கொள்ளாமல் பயனாக மாற்றியதில் இருக்கிறது. கைப்பிடியை முறுக்கும்போது பிளேடு மேல்மூடியின் வளைவோடு ஒட்டி வில்போல் வளைகிறது; வளைந்த தகடு தட்டையான தகட்டைவிட விறைப்பானது; ஆகவே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ள பிளேடும் முடியின் எதிர்ப்பைத் தாங்கி நிற்கிறது. கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் வளைவு குறைந்து, விளிம்பு சிறிது எழுந்து, சவரம் கடுமையாகும். மழமழப்பையும் சுகத்தையும் தராசில் இடும் வேலை அந்த முதல் வடிவத்திலேயே பயனாளரின் விரல்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ஒரு ரேசர் மென்மையானதா, கடுமையானதா என்பதை அதன் தலையின் வடிவம் தீர்மானிக்கிறது. மேல்மூடியின் ஓரத்தையும் அடித்தகட்டின் தடுப்புப் பட்டையையும் தொட்டுச் செல்லும் கற்பனைக் கோடு ஒன்றை வரைந்தால், பிளேடின் விளிம்பு அக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு துருத்துகிறதோ அதனை வெளிநீட்டம் எனலாம்; விளிம்பு கோட்டுக்கு உள்ளேயே அடங்கியிருந்தால் தோல் சிறிது புடைத்து உள்ளே வந்தால்தான் பிளேடு அதனைத் தொடும். பிளேடுக்கும் தடுப்புப் பட்டைக்கும் உள்ள வெளி இடைவெளி எனப்படும். அது அகலமானால் நுரையும் நீண்ட முடியும் எளிதில் நுழையும், அவற்றோடு தோலும் நுழையும். பட்டைக்குப் பதிலாகச் சீப்பின் பற்களைப்போல் வெட்டுகள் உள்ள ரேசர்கள், பல நாள் வளர்ந்த முடியை அடைபடாமல் வாங்கிக்கொள்ளும். இவற்றோடு, பிளேடு எந்த இடம் வரை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். பிடிப்பு விளிம்புக்குத் தொலைவில் இருந்தால் பிளேடு அதிர்ந்து, முடியை வெட்டுவதற்குப் பதில் இழுக்கும், அந்த இழுப்பே எரிச்சலாகத் தங்கும். இடைவெளி அகலமாக இருந்தாலே கடுமை என்று விலைக்கு வாங்குவோர் பொதுவாக எண்ணுகின்றனர். உண்மையில் வெளிநீட்டமும் பிடிப்பும் சேர்ந்தே கடுமையை முடிவு செய்கின்றன.

பிளேடைச் சற்றுச் சாய்வாகவும் முறுக்கியும் பிடிக்கும் சரிவுத் தலை ரேசர் தனியாகக் குறிப்பிடத்தக்கது. அரிவாள்மணையில் காயை நேராக அழுத்தாமல் சற்று இழுத்து அரிந்தால் எளிதில் அரிபடுவது போல, சரிவான விளிம்பு முடியை ஒரே நேரத்தில் முட்டாமல் வழுக்கிக்கொண்டே வெட்டுகிறது. ஆகையால் தடித்த தாடிக்கு அது ஏற்றது. ஆனால் இந்தச் சரிவு கருவியின் தலையில் இருக்க வேண்டுமேயன்றிக் கையின் அசைவில் இருக்கக் கூடாது; சாதாரண ரேசரைப் பக்கவாட்டில் இழுத்தால் தோல் கீறுண்டு குருதி வரும்.

1958இல் ஜில்லெட் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், தடித்த கைப்பிடியால் ஃபேட்பாய் என்று செல்லப்பெயர் பெற்றதுமான ரேசரின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள் பொறித்த வளையம் ஒன்று உண்டு. வளையத்தைத் திருப்பும்போது தடுப்பு ஏறி இறங்கி இடைவெளியும் வெளிநீட்டமும் மாறுகின்றன. உயர்ந்த எண்ணே சிறந்த சவரம் என்று கொள்வது இக்கருவியைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். முதல் சுற்றில், முடி நீண்டு நிற்கும்போது, உயர்ந்த எண்ணில் வைத்து முடியின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, அடுத்த சுற்றுகளில், அதாவது முடி குறைந்து தோல் நேரடியாக விளிம்பை எதிர்கொள்ளும்போது, எண்ணை இறக்கிக்கொள்ளும் வழக்கம் இந்த ரேசரை அறிந்தவர்களிடம் உண்டு. ஒரே சவரத்துக்குள் கருவி தன் குணத்தை மாற்றிக்கொள்ள இடம் தந்ததே இந்த வளையத்தின் பெருமை. சவரக் கருவிகளின் வரலாற்றில் இதற்கு இணையான சிந்தனை அதிகம் இல்லை.

மறுபுறம், மிக மென்மையான ரேசர் தோலுக்கு எப்போதும் நல்லது என்னும் நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. அத்தகைய ரேசர் ஒரே இழுப்பில் முடியை நீக்காததால், பயன்படுத்துவோர் அதே இடத்தில் மூன்று நான்கு முறை இழுக்கவும், தம்மையறியாமல் அழுத்தவும் நேர்கிறது. முகத்தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களால் ஆன காப்புப் படலம் ஒன்று உள்ளது. அது உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்து, வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தடுக்கிறது. அதன் கனம் 0.01, 0.02 மில்லிமீட்டர் அளவே. ரேசர் முடியை மட்டும் தேர்ந்து வெட்டுவதில்லை. ஒவ்வோர் இழுப்பிலும் இப்படலத்திலிருந்து சிறிதளவு சுரண்டப்படுகிறது. சவரம் முடிந்ததும் தண்ணீர் பட்டால் காந்துவதும், வியர்வை பட்டால் எரிவதும் அச்சுரண்டலின் விளைவுகளே. ஆகவே இழுப்புகளின் எண்ணிக்கையே தோலுக்கு உண்மையான கணக்கு. ஒரே இழுப்பில் வேலையை முடிக்கும் நடுத்தரக் கடுமையுள்ள ரேசர், நான்கு இழுப்பு கேட்கும் மென்மையான ரேசரைவிடப் பல முகங்களுக்கு இதமாக அமைவது இதனால்தான்.

முடியின் பக்கம் பார்த்தால், அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்த நிலையில் மிக உறுதியானது. எஃகு அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானதாயினும் பிளேடு மழுங்குகிறது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், முடி வளைந்துகொடுக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு நுண்ணிய சில்லுகளாக உடைவதை மின்னணு நுண்ணோக்கியின்கீழ் காட்டினர். நீர் இதற்கு எளிய மருந்து. கெரட்டின் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. குளித்த கையோடு சவரம் செய்துகொள்வதை எல்லோரும் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. நுரையின் முதன்மையான வேலையும் அந்த நீரை முடியோடு பிடித்துவைப்பதுதான். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலைத் தருவது அடுத்த வேலை. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுவதால், நுரை சலசலத்துச் சீக்கிரம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ஊர்களில் குடிப்பதற்கு வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு குவளையை நுரைக்கென எடுத்துக்கொள்வது வீண்செலவாகாது.

பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும் என்று கூறப்படும். அதனை அளந்து பார்க்க வழியில்லை. ஆயினும் கண்டுபிடிக்கும் முறை எளியது. மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே சிறு இழுப்பாக இழுத்துப் பார்த்தால், ஒரு நிலையில் முடி அறுபடும் சரசரப்பு காதில் விழும். அந்த நிலையே வேண்டிய சாய்வு. காது இங்கே கண்ணைவிட நம்பத்தகுந்தது, ஏனெனில் நுரை மூடிய இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஓசை தேய்ந்தால் அங்கே வெட்டுவதற்கு முடி இல்லை என்றும், இனி இழுத்தால் தோலே சுரண்டுபடும் என்றும் பொருள். உலோக ரேசர்கள் பல 70, 80 கிராம் எடையுள்ளவை. அந்த எடையே போதுமான அழுத்தமாதலால், கைப்பிடியின் நுனியை விரல்களால் தளர்வாகப் பிடித்து வழிகாட்டினால் போதும்.

சவரம் சுற்றுகளாக நடைபெறுகிறது. முடி சாய்ந்த போக்கிலேயே இழுப்பது முதல் சுற்று. மறுபடி நுரை பூசிக் குறுக்கே இழுப்பது இரண்டாம் சுற்று. எதிராக இழுப்பது மூன்றாம் சுற்று. முதல் சுற்றிலேயே எதிராக இழுத்து நேரத்தை மிச்சப்படுத்த முயல்வதால்தான் எரிச்சலில் பெரும்பங்கு விளைகிறது. கன்னத்தில் மூன்றாம் சுற்றும் பெரும்பாலும் தீங்கின்றி நடக்கும். அங்கே தோல் தட்டையானது, அடியில் தாங்கல் உண்டு, முடியும் ஒழுங்காகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தாடைக்குக் கீழே, கழுத்தில், நிலைமை முற்றிலும் வேறு. அங்கே தோல் தளர்வானது; முடி சிலருக்கு மேல்நோக்கியும், சிலருக்குப் பக்கவாட்டிலும், சிலருக்கு ஒரே விரற்கடை இடத்துக்குள் சுழி போலவும் வளர்கிறது. ஒரு நாள் முடி வளர்ந்திருக்கும்போது விரலை நான்கு திசையிலும் ஓட்டி, எத்திசையில் வழுக்குகிறதோ அதுவே போக்கு என்று இடம் இடமாகக் குறித்துக்கொள்வது, விலையுயர்ந்த எந்த ரேசரும் தராத பயனைத் தரும். குரல்வளை மேட்டின்மீது நேராக இழுக்காமல், விரலால் தோலைப் பக்கவாட்டில் நகர்த்தித் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழிப்பதும் அத்தகையது.

கழுத்து முடி தோலோடு ஒட்டிப் படுத்து வளர்வதால், தோலை இறுக இழுத்துப் பிடித்து எதிராக மழிக்கும்போது, முடி வெளியே இழுபட்ட நிலையில் அறுபடுகிறது. கையை விட்டதும் அதன் நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நேரான முடி பிறகு வந்த வழியே வெளிவரும். சுருண்ட முடியோ குழிக்குள்ளேயே பக்கச் சுவரைத் துளைத்தோ, வெளியே வந்து வளைந்து மீண்டும் தோலில் நுழைந்தோ, சீழ்க்கட்டி போன்ற புடைப்பை உண்டாக்கும். முதல் பிளேடு முடியை இழுத்துத் தர, பின்வரும் பிளேடு அது உள்ளிழுபடுவதற்குள் வெட்டும் என்னும் கருத்தோடு 1971இல் வெளிவந்த இரட்டைப் பிளேடு ரேசரும், அதன் வழிவந்த பல பிளேடு ரேசர்களும் இந்த ஆழவெட்டையே குறிக்கோளாகக் கொண்டவை. ஒற்றைப் பிளேடு ரேசர் முடியைத் தோலின் மட்டத்தில் விட்டுவிட அனுமதிக்கிறது என்பதே அதன் தலையாய நன்மை. எதிர்ப்போக்கில் இழுத்து அந்த நன்மையைக் கைவிடுவோர் அதைப் பயன்படுத்துவதன் காரணத்தையே இழக்கின்றனர்.

தாடி முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. காலையில் கழுத்தில் எதிர்ப்போக்குச் சுற்றால் கிடைத்த கூடுதல் மழமழப்பு, மாலைக்குள் வளர்ச்சியால் ஈடாகிவிடும்; அச்சுற்றால் நேர்ந்த சிவப்பும் எரிச்சலும், சட்டைக் கழுத்துப்பட்டை உரச உரச, இரண்டு நாள் வரை நீடிக்கக் கூடும். சில மணி நேர ஆதாயத்துக்கு இரண்டு நாள் விலை என்பது ஏற்கத்தக்க வாணிபமன்று. ஆதலால் கழுத்தைப் பொறுத்தவரை இரண்டு சுற்றோடு நிறுத்துவதே அறிவுடைமை.

பிளேடைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டி மழுங்கிய பிறகும் தொடர்வது நம்மிடையே பரவலான வழக்கம். முடி இழுபடும் உணர்வு வந்த அன்றே அதனை மாற்றுவதுதான் தோலுக்குச் சிக்கனம். விளிம்பில் குரோமியம் முதலிய உலோகப் பூச்சும் அதன்மேல் வழுக்கும் பூச்சும் இருப்பதால், பிளேடைத் துணியால் துடைக்காமல் நீரில் அலசி உதறுவதே முறை.

சவரம் முடிந்தபின் குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவி, சலூன்களில் எப்போதும் இருக்கும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவும் வழக்கத்துக்குத் தோலைச் சுருக்கிக் குருதிக் கசிவை நிறுத்துவதோடு வேறொரு பயனும் உண்டு. சுரண்டப்படாத இடத்தில் படிகாரம் குளிர்ச்சியாகவே படும். சுரண்டப்பட்ட இடத்தில் சுரீரென்று காந்தும். எந்த இடத்தில் காந்துகிறது என்று கவனித்து, இடத் தாடைக்கு அடியிலா, மோவாயின் ஓரத்திலா என்று மனத்தில் வைத்துக்கொள்வோர், அடுத்த சவரத்தில் அவ்விடத்தில் ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் ஒரே இடம் காந்திக்கொண்டிருந்தால், அங்கே குறுக்குச் சுற்றையும் விட்டுவிட்டு, முடியின் போக்கில் ஒரே ஒரு முறை இழுத்து நிறுத்துவது போதும். அங்கே எஞ்சும் முடி கைக்குத் தட்டுப்படுமேயன்றி எதிரே நின்று பேசுபவர் கண்ணுக்குத் தெரியாது.