நகைப்புக்குரிய துன்பமா?



ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. விருந்தினர் வந்திருப்பதைச் சொல்ல அஞ்சிய கணவன், மனைவியின் அருகமர்ந்து, தலை கோதிப் பேன் பார்த்து, பின்னரே மெல்ல வாய் திறக்கிறான். அவளோ முறத்தை எடுத்து அவனை அடித்து விரட்டுகிறாள். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் சிரிப்பொலி எழும். பாட்டின் சுவை அது. ஆயினும், அடிபட்டவன் ஒரு மனிதன் என்பதை அச்சிரிப்பு மறைத்துவிடுகிறது.

என் மாணவன் ஒருவன் பள்ளி விட்ட பின்னும் வீடு செல்லத் தயங்குவான். காரணம் வினவினேன். "அம்மா அப்பாவை அடிக்கிறார்கள், ஐயா, வெளியே சொன்னால் சிரிப்பார்கள்" என்றான். தந்தையாரை அழைத்துக் கேட்டேன். நெற்றிக் காயத்தைத் துண்டால் மறைத்தவாறே, படியில் விழுந்ததாகச் சொன்னார். அடியைவிட நாணமே அவரை வாட்டிற்று. அன்று முதல் மாலை வேளைகளில் அச்சிறுவன் பள்ளியிலேயே படிக்க ஏற்பாடு செய்தேன்.

இல்லற வன்முறைக்கு ஆளாவோரில் பெண்களே மிகப் பலர். அதனை மறத்தல் அநீதி. எனினும், 2015-16 ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவன் அடிக்காதபோதே தாம் அவனை அடித்ததுண்டு என மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் கூறினர். விழுக்காடு சிறிது, நாடோ பெரிது.

2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களின் பாதுகாப்புக்கென இயற்றப்பட்டது. கணவன் அதன்கீழ் முறையிட இயலாது. ஆனால் அவனுக்கு வழியே இல்லை என்பதன்று. பிறரைக் காயப்படுத்துதல், செய்தவர் எவராயினும், குற்றமே. கொடுமையைக் காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையை இந்து திருமணச் சட்டம் இருவர்க்கும் ஒப்பவே தருகிறது. 1975 இல், கணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், மனைவியின் நடத்தை கொடுமையே என உச்ச நீதிமன்றம் கண்டது. அவர் அதனைப் பின்னர் மன்னித்துவிட்டார் என்பதனால் பிரிவு வழங்கப்படவில்லை. எனினும் கணவனும் கொடுமைக்கு ஆளாகக்கூடும் என்பதை நீதிமன்றம் ஏற்றது.

உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ இத்துயர் உண்டாயின் நகையாதீர்கள். நம்பத்தகுந்த பெரியவரிடம் சொல்லுங்கள். அடி வாங்கியும் திருப்பி அடியாதவரைக் கோழை என்று இகழாதீர்கள். கைந்நீட்டாமை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான அறம்.