பெயர்ப்பலகை இல்லாத இட்லி



ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால், மும்பை விக்ரோலித் தமிழ்க் குடும்பங்களில் பலரும் மாட்டுங்காவுக்குத்தான் லோக்கல் ரயில் ஏறுவோம். காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான் தாண்டினால் மாட்டுங்கா. ஸ்டேஷனை ஒட்டி, மாடியில் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இல் தொடங்கியது. இன்றும் வாழை இலைச் சாப்பாடு. ராம் ஆஷ்ரயாவுக்கு வயது இன்னும் அதிகம், 1939. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் 1936-இல் வந்த கஃபே மைசூர், 1940-இல் வந்த கஃபே மெட்ராஸ். அங்கேயே கூலார் என்ற பழைய இரானிக் கடையில் பன் மஸ்காவும் சாயாவும் கிடைக்கும். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் குஜராத்திக் குடும்பங்கள்தான் எத்தனை!

பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் அந்தக் கடை தமிழருடையது அல்ல, காமத் குடும்பத்தினுடையது. மாட்டுங்காவின் பேர்பெற்ற ஓட்டல்கள் பலவற்றை வளர்த்தவர்கள் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஊரை விட்டுத் தனியாக வந்து, அறை எடுத்துத் தங்கிய நம் குமாஸ்தாக்களுக்கும் டைப்பிஸ்டுகளுக்கும் அவர்கள்தான் வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். அந்த நன்றி நமக்கு என்றும் இருக்க வேண்டும். 1966-இல் சிவசேனா பிறந்து, தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுந்த வருடங்களில் உடுப்பி ஓட்டல்களும் தாக்கப்பட்டன. கன்னடம், தமிழ் என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் மதராசிதான்.

சரி, தமிழன் கையால் இந்த நகரம் சாப்பிடுவது எங்கே? அதற்கு மாட்டுங்காவிலிருந்து சயான் வழியாகத் தாராவிக்குள் போக வேண்டும். விடிவதற்கு வெகு நேரம் முன்பே அங்கே பல வீடுகளில் அடுப்பு எரியும். முதல் நாளே அரைத்துப் புளிக்க வைத்த மாவு, பெரிய கொப்பரை, தட்டுத் தட்டாக இட்லி. சுடச்சுட எடுத்து, ஈரத்துணி விரித்த அலுமினியப் பாத்திரத்தில் அடுக்குவார்கள். சட்னிக்குத் தனித் தூக்கு. பாத்திரத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டினால் ஆள் கிளம்பிவிடுவார். தலையில் சுமந்து போகிறவர்களும் உண்டு. ரப்பர் ஹாரனை அமுக்கினால் சந்தில் ஜன்னல்கள் திறக்கும். "அண்ணா, சட்னி ஜாஸ்தி தேனா" என்று மராத்திக்காரப் பாட்டி பாத்திரத்தை நீட்டுவார். இட்லிக்காரர் துணியை ஓரமாக விலக்கி, கையை ஆவி சுடச்சுட இட்லியை எடுத்து வைத்து, கேட்ட மாதிரியே சட்னியைத் தாராளமாக ஊற்றுவார். அந்தச் சட்னி கொஞ்சம் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்கு ஓடுகிறவன் நின்றபடியே தின்று முடிக்க அதுதான் வசதி.

மாட்டுங்கா ஓட்டல்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன, எழுதட்டும். சைக்கிள் இட்லிக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, தொடங்கிய வருடமும் இல்லை. ஓட்டல் வாசலையே மிதிக்காத கூலிக்காரரும், வாட்ச்மேனும், ரிக்‌ஷாக்காரரும் தென்னிந்தியச் சாப்பாட்டை ருசி பார்த்தது பெரும்பாலும் இந்தப் பாத்திரத்திலிருந்துதான். மும்பையின் சாப்பாட்டுக் கதையை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே இந்த இட்லிக்காரர்களை எழுத வேண்டும் என்பேன்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. 2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். குடும்பம் தூங்குவதும், கிரைண்டர் ஓடுவதும், கொப்பரை கொதிப்பதும் இன்று ஒரே அறையில். அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் விடியற்காலை இருட்டில் கிரைண்டர் போட அக்கம்பக்கம் சம்மதிக்குமா? மாடியில் குடியிருப்பவர்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் தாராவிக்கு வெளியே அனுப்பினால், சைக்கிள் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்தத் தெருவுக்கு வந்து சேரும்? வீட்டுக் கணக்குப் போடுகிற அதிகாரிகள் அடுப்புக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். தாராவியில் சொந்தபந்தம் உள்ள நேயர்கள், இந்த வீட்டுத் திட்டம் பற்றி நடக்கும் அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து நின்று கேளுங்கள்.