தடையின் சுமை யார் தோளில்?

 

வெள்ளம் பெருகிக் குற்றாலத்தில் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களில் முதலில் வாடுவோர் அருவிக்கரைச் சிறு கடைக்காரர்களே என்பதைத் தென்காசியில் வாழும் நாம் அறிவோம். நாடுகளின்மீது விதிக்கப்படும் தடைகளையும் இவ்வாறே எடைபோட வேண்டியுள்ளது.

2009இல் முடிவுற்ற இலங்கைப் போரின் கொடுமைகளைத் தொடர்ந்து, தமிழர் சம உரிமையுடன் வாழும்வரை அந்நாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு நம் சட்டமன்றம் 2011 ஜூன் 8 அன்று தீர்மானித்தது. மத்திய அரசு விதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, மனித உரிமை உடன்படிக்கைகள் பேணப்படவில்லை என்று கூறி, 2010 ஆகஸ்டிலேயே வரிச்சலுகையை நிறுத்தியிருந்தது. அச்சுமை ஆயத்த ஆடைத் தொழிலின்மீது விழுந்தது. அங்கே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களா ஷெல் வீசினார்கள்? 2017இல் சலுகை மீண்டும் வழங்கப்பட்டது.

1990 முதல் 2003 வரை ஈராக் மக்கள் மருந்தின்றித் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. சதாம் உசேனின் அரண்மனைகளில் எக்குறையும் இருக்கவில்லை.

எனவே, 2025 மார்ச்சில் பிரிட்டன் மேற்கொண்ட வழியே சரியெனக் கருதுகிறோம். சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய முன்னாள் படைத்தளபதிகள்மீதும், புலிகளின் முன்னாள் தளபதி கருணாமீதும் அது பயணத்தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை அறிந்த நமக்கு, இரு தரப்பினரும் பட்டியலில் இடம்பெற்றிருப்பது ஆறுதலே. ஆயினும் போர் முடிந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது. அதற்குள், பிள்ளைகளைத் தேடிய பெற்றோர் பலர் மறைந்துவிட்டனர்.